கவரிங் நகை, சேலைப் படங்களுக்கு வீட்டிலேயே சின்ன ஸ்டுடியோ: 15,000 ரூபாயில் முடியுமா?

கும்பகோணம்_கவரிங்:
வீட்டிலிருந்தே கவரிங் நகையும் காட்டன் சேலையும் வாட்ஸ்அப்பில் விற்கிறோம். கையில் கேனான் 200டி மார்க் 2, கூடவே வந்த 18-55 லென்ஸ். மாடியில் 10க்கு 11 அடி அறை சும்மா கிடக்கிறது. காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிறம், ராத்திரி டியூப்லைட்டில் வேறு நிறம், "படத்துல பார்த்த கலர் இல்லையே" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டு சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி), பல்பு, பச்சைத் துணி எல்லாம் சேர்ந்த கிட் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? 50 எம்எம் லென்ஸும் அவசியம் என்கிறார்களே?

ஒத்தக்குடை:
கிட் வேண்டாம். பச்சைத் துணியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? ஒரு மேனுவல் ஃபிளாஷ் (அளவை நாமே கையால் வைப்பது), அதைக் கேமராவிலிருந்து வயரில்லாமல் அடிக்க வைக்கும் ட்ரிகர், ஸ்டாண்ட், வெளிச்சத்தைப் பரப்ப வெள்ளைக் குடை போதும். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் வேகம் 1/200 வினாடி, லென்ஸ் திறப்பு எஃப் 8 வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். கன்னங்கரேலென்று வந்தால் ஜன்னலும் டியூப்லைட்டும் கணக்கிலேயே இல்லை, படத்தில் விழுவது ஃபிளாஷ் வெளிச்சம் மட்டும்தான், அப்புறம் எந்நேரம் எடுத்தாலும் ஒரே நிறம்தான். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸ் மட்டும் ஆட்டோவில் இருக்கக் கூடாது.

ஒன்று கவனியுங்கள், உங்கள் கேமராவின் ஹாட்ஷூவில் (மேலே ஃபிளாஷ், ட்ரிகர் மாட்டும் இடம்) நடு பின் கிடையாது. மலிவான பொது ட்ரிகர் வேலை செய்யாது, கேனானுக்கென்று வருவதை, இந்த மாடலுக்கு ஓடும் என்று கடையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

50 எம்எம் இப்போதைக்கு எதற்கு? உங்கள் கேமராவின் சின்ன சென்சாரில் அதை வைத்து நிற்கிற ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க 15 அடி பின்னால் போகணும். சுவரை இடிக்கப் போகிறீர்களா? கூடவே வந்த 18-55 லென்ஸை 28, 30 எம்எம்மில் வைத்தாலே சேலை அடங்கிவிடும்.

ஆசாரித்தெரு:
நகைக்குக் குடை மட்டும் பத்தாது. பளபளப்பில் குடைக் கம்பி தெரியும், உங்கள் சட்டைகூடத் தெரியும். டிரேசிங் பேப்பரை நகைக்குக் கிட்டே நிறுத்தி, அதன் வழியாக ஃபிளாஷை அடியுங்கள். எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட தெர்மாகோல். நகையின் விளிம்பு வெள்ளையில் கரைந்துபோனால் ஓரமாகக் கறுப்பு சார்ட்டைக் கீற்றாக வெட்டி வைத்தால் கோடு போட்ட மாதிரி எடுப்பாக வரும். கல் வைத்த அட்டிகை என்றால் இதில் கொஞ்சம் மங்கும், சின்ன முகக்கண்ணாடியால் வெளிச்சத்தைக் கல்மேல் திருப்பிவிடுங்கள்.

ரீல்ஸ்_அக்கா:
எல்லாம் சரி தம்பிகளா, ஃபிளாஷை வைத்து வீடியோ எடுக்க முடியுமா? முந்தானையை விரித்துக் காட்டினால்தான் சேலை ஓடும். சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல் உள்ள எல்இடி ஒன்று வாங்கி அதே குடையில் மாட்டலாம். வெளிச்சம் ஃபிளாஷ் அளவு வராது, ட்ரைபாட் வேண்டும், ஃபேனையும் நிறுத்தணும்.

கும்பகோணம்_கவரிங்:
இப்போதைக்கு வீடியோ போனிலேயே ஓடட்டும், ஃபிளாஷ் வாங்குகிறேன். ஆளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் படத்தில் சாம்பலாக விழுகிறதே, அதற்கு என்ன வழி?

ஒத்தக்குடை:
குடையிலிருந்து தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், சுவர் ஆளைவிடத் தள்ளி இருக்கிறது, அதனால்தான். குடையைத் தள்ளி வைத்து ஆளைச் சுவரோரம் நிறுத்துங்கள், வித்தியாசம் குறையும். நிழல் விழுந்தால் குடையை உயர்த்திக்கொள்ளுங்கள்.