றேஸ் காரை வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா? திருகோணமலையில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

உவர்மலையிலிருந்து

அண்ணாமாரே, குருநாகலில் ஒரு ஹொண்டா சிவிக் பார்த்து வைத்திருக்கிறேன். 1993ஆம் ஆண்டு ஈஜி மொடல் ஹட்ச்பேக். கடைசி நாலு வருஷமாக றேஸ் மட்டும்தான் ஓடியிருக்கிறது. ரோல் கேஜ் (உள்ளே சுற்றிவரப் போடுகிற இரும்புக் குழாய்க் கூண்டு), பக்கெட் சீற், கொயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) எல்லாம் போட்டிருக்கிறது, ஏசி கழற்றியிருக்கிறது. பதிவுப் புத்தகம் சரியாக இருக்கிறது. என்னிடம் வேறு வாகனம் இல்லை. வாங்கினால் சீனக்குடாவுக்கு வேலைக்குப் போவதும் இதில்தான், அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதும் இதில்தான். நுவரெலியாவுக்குப் போய் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு காரில் மனம் போகவில்லை. 1934இல் தொடங்கிய போட்டி அது, அந்த வளைவுகளில் இந்தக் கார்கள் ஏறுகிற சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. ஓட்டியவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

உப்புவெளியிலிருந்து

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என்னுடைய பழைய சிவப்புக் கார்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதுவும் ஈஜிதான், பி16ஏ என்ஜின். எட்டு மாதம் மழை வெயில் பாராமல் தினமும் ஓட்டினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் இரண்டு கிழமையும் நித்திரை சரியாக வரவில்லை. விடிய ஐந்து மணிக்கே எழும்பி நிலாவெளி வரை போய்த் திரும்புவேன். காற்று அள்ளிப்போட்ட கடல்மணல் ரோட்டில் ஒரு பிடி கிடந்தாலும் ஸ்டியரிங்கில் உள்ளங்கைக்குத் தெரியும். அப்படி ஒரு காரை அதற்கு முன்னும் நான் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டவில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வேண்டாம் என்பவன் ஆசை இல்லாதவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

மூன்றாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. வீட்டிலிருந்து மெதுவாக வந்து பிரட்றிக் கோட்டைப் பக்கம் திரும்புகிறேன். அங்கத்தைய மான்களை உங்களுக்குத் தெரியும், ஆட்டுக்குட்டி மாதிரி ரோட்டில் திரியும். ஒரு பெட்டைமான் மதிலோரத்திலிருந்து குறுக்கே இறங்கியது. வேகம் முப்பதுகூட இருக்காது. பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது, கார் போய்க்கொண்டே இருந்தது. சீற்றில் முதுகை முட்டுக்கொடுத்து இன்னும் அழுத்தினேன். மானின் பின்னங்காலுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டு நின்றது. அது ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயில் இருந்த வாழைப்பழத்தோலை மென்றபடி போய்விட்டது. எனக்குக் கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிஷம் ஆனது. அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நின்றிருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

பிரேக்கில் ஒரு பழுதும் இல்லை. அதில் இருந்தது றேஸ் பேட், அதாவது றேஸுக்கென்று செய்த பிரேக் கட்டை. அது சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். றேஸ் ஓடுகிறவர்கள் தொடக்கத்துக்கு முன்னால் ஒரு சுற்று ஓடி, மிதித்து மிதித்துச் சூடாக்கி எடுப்பது அதற்குத்தான். வீட்டுப் படலையைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போகிறவனுக்கு அந்தச் சுற்று எங்கே இருக்கிறது? ரயரும் அப்படித்தான். ஸ்லிக் ரயரில் தவாளிப்பே கிடையாது, தண்ணீரை வெளியே தள்ள வழியில்லை. மார்கழி மழையில் உப்புவெளி ரோட்டில் அதை வைத்து ஓட்ட நினைக்கவே வேண்டாம். நான் ரயரை முதல் நாளே மாற்றினேன், பேட்டை மாற்றத்தான் அந்த மான் வரவேண்டியிருந்தது.

அடுத்தது ரோல் கேஜ். பார்க்கப் பாதுகாப்பு என்றுதான் தோன்றும். ஆனால் அது ஹெல்மெட் போட்டு, ஆறு முனைப் பெல்ட்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இருக்கிறவனுக்காகச் செய்தது. ஹெல்மெட் இல்லாமல் சாதாரண பெல்ட்டோடு இருந்தால், ஒரு சின்ன மோதலிலேயே தலை பக்கவாட்டில் போய் இரும்புக் குழாயில் அடிபடும். கம்பியைச் சுற்றி வைக்கிற பஞ்சும் ஹெல்மெட்டுக்கு என்று செய்த கடினமான பஞ்சுதான், வெறும் மண்டையைக் காக்காது. சரி, ஆறு முனைப் பெல்ட்டையே கட்டுவோம் என்றால், சந்தியில் எட்டிப் பார்க்க உடம்பு முன்னால் வராது.

கதவுக்குக் குறுக்கே இரண்டு கம்பி போகும். என்னுடைய அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கோணேசர் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டு, அர்ச்சனைத் தட்டை என்னிடம் தந்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். மற்றக் கால் வரவில்லை. சீலைக் கரையில் கம்பியின் கறுப்பு ஒட்டிவிட்டது. திரும்ப இறங்கி, "நீ போ ராசா, நான் ஓட்டோவில வாறன்" என்றார். நான் ஓட்டோவுக்குப் பின்னால் அந்தக் காரில் தனியாகப் போனேன். விற்க வேண்டும் என்று நினைத்தது அன்றைக்குத்தான், மான் வந்த அன்றைக்கு இல்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில் ஏசி இல்லாமல், பிளாஸ்டிக் யன்னலோடு, வேலைக்குப் போய் இறங்கும்போது சேட் முழுக்க ஈரம். கம்ப்ரெஷன் கூட்டிய என்ஜினுக்கு ஒக்டேன் 95 பெற்றோல் வேண்டும். அது முடிந்துபோன ஒரு நாள் 92 அடித்தேன், ஏற்றத்தில் 'டக் டக்' என்று தட்டத் தொடங்கிவிட்டது. என்ஜினுக்கு உயிர் வருவது நிமிஷத்துக்கு ஏறத்தாழ 5,500 சுற்றுக்கு மேலேதான். ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70 என்ற ரோட்டில் அந்த உயிரை எத்தனை தரம் பார்ப்பீர்கள்?

கிண்ணியாவிலிருந்து

தம்பிமாருக்கு ஸலாம். நான் கராஜ் வைத்திருக்கிறேன். மேலே எழுதியவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, துரு. றேஸ் காரில் பாரம் குறைக்க உள் விரிப்பு, சத்தம் தடுக்கிற தார்த்தாள் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வெறும் தகடுதான் மிச்சம். மலைநாட்டில் அது தாங்கும், நமக்குச் சுற்றிவரக் கடல். என்னிடம் வந்த ஒரு காரில் சாரதியின் காலடித் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்த்தேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வாங்கப்போகிற காரில் கேஜின் அடிப்பாதம் தகட்டோடு சேருகிற இடத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே துரு இருந்தால் கேஜ் இருந்தும் பயனில்லை.

மற்றது டிஃப், அதாவது வளைவில் இரண்டு சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல். உங்களுடையது முன்சில்லு இழுவை, அதனால் தப்பினீர்கள். ஒரு பையன் டிஃபை வெல்ட் பண்ணிய கேஇ70 கொரோலா கொண்டுவந்தான், அது பின்சில்லு இழுவை. வளைவில் வெளிச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், வெல்ட் பண்ணினால் இரண்டும் ஒரே அளவுதான் சுற்றும். கடைத்தெருவில் ஒவ்வொரு திருப்பத்திலும் ரயர் கீச்சிடும். கடைசியில் அக்சில் முறிந்து இங்கே வந்தான். பிள்ளை அழுகிற நிலையில் நின்றான், எனக்கே மனசு கஷ்டமாகப் போய்விட்டது. முன்சில்லு காரில் பிளேட் டிஃப் (இரண்டு சில்லையும் சேர்த்துப் பிடிக்கிற றேஸ் டிஃப்) போட்டிருந்தாலும் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ்காரரிடம் கேஜ் இருக்கிறதென்று எழுத்தில் சொல்லாமல் ரோட்டில் இறக்க வேண்டாம். புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது. கற்றலிக் (புகையைச் சுத்தமாக்குகிற பாகம்) கழற்றிய காராக இருந்தால் அங்கே சிக்கல் வரலாம்.

கந்தளாயிலிருந்து

நான் கொஞ்சம் வித்தியாசமாகச் சொல்கிறேன். றேஸ் ஓடின சுசுகி ஸ்விஃப்ட் ஒன்றை மூன்றாவது வருஷமாகத் தினமும் ஓட்டுகிறேன், ஹபரணை வரைக்கும் போய்வருகிறேன். முடிகிறது. ஆனால் என்னுடையது போல்ட் போட்ட பின்பக்கக் கேஜ் மட்டும். தலைக்குப் பக்கத்தில் குழாய் இல்லை, பின்சீற்றும் இல்லை. கம்பனியின் மூன்று முனைப் பெல்ட் அப்படியே இருக்கிறது. பேட் சாதாரணம். கொயிலோவரை உயர்த்தி, ஸ்பிரிங் சுருளை மென்மையானதாக மாற்றினேன். இவ்வளவும் செய்த பிறகு அது றேஸ் காரா என்று கேட்டால், இல்லை. எனக்கு அதில் கவலையும் இல்லை, ஸ்டியரிங் இன்னும் நன்றாக இருக்கிறது. இரவில் யானை நிற்கிற ரோட்டில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்க முடிவதுதான் எனக்கு முக்கியம்.

உவர்மலையிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. உப்புவெளி அண்ணா, உங்கள் அம்மாவின் கதையை என்னுடைய அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எனக்கும் அதே முழங்கால்தானே" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. குருநாகல்காரருக்கு இரவே கோல் எடுத்தேன். கேஜ் வெல்ட் பண்ணியதாம், கதவுக் கம்பியும் சேர்த்து. பெல்ட் பூட்டுகிற பழைய துளைகளை அடைத்துவிட்டார்களாம். சனிக்கிழமை கார் பார்க்க வரவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். கந்தளாய் அண்ணா, உங்களுடைய மாதிரிப் பாதிக் கேஜ் போட்ட கார் யாராவது விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் எனக்கு ஒரு சொல்லு சொல்லுங்கள்.