கிளைட்டம்னெஸ்ட்ரா வேடம்: ஐரீன் பப்பாஸிடம் கற்க என்ன இருக்கு?

தாமரை

எல்லாருக்கும் வணக்கம். எங்க நாடகக் குழு இந்த வருஷம் பழைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் 'எலெக்ட்ரா'வைத் தமிழில் போடுது. எனக்குக் கிளைட்டம்னெஸ்ட்ரா வேடம். புருஷனைக் கொன்னுட்டு, இன்னொருத்தனோட சேர்ந்து நாட்டை ஆண்டு, கடைசியில் பெத்த பிள்ளைகள் கையாலேயே சாகிற அம்மா. ஒத்திகையில் வாயைத் திறந்தாலே வில்லி மாதிரிதான் வருது. கிரேக்க இயக்குநர் ககோயானிஸ் 1962ல் எடுத்த 'எலெக்ட்ரா' படத்தைப் பார்க்கச் சொன்னார் எங்க நாடக இயக்குநர். பார்த்தேன். என் கண்ணு எலெக்ட்ராவா நடிச்ச கிரேக்க நடிகை ஐரீன் பப்பாஸை விட்டு நகரவே இல்லை. ஆனா அவங்க அதில் மகள், நான் அம்மா. என் வேடத்துக்கு அவங்ககிட்ட எடுத்துக்க ஏதாவது இருக்கா?

மங்கை

தாமரை, ஆள் சரியான ஆள்தான். பார்க்க வேண்டிய படம் வேற. இதே பப்பாஸ், இதே இயக்குநர், 1977ல் 'இஃபிஜெனியா'. அதில் அவர்தான் கிளைட்டம்னெஸ்ட்ரா. பதினஞ்சு வருஷம் முன்னாடி அம்மாவைக் கொல்லத் துணிஞ்ச மகளா நின்னவர், அந்த அம்மா எப்படி அப்படி ஆனாள்னு காட்ட வர்றார். நான் மேடையில் வயசான பெண்களா நடிக்க ஆரம்பிச்ச காலத்திலிருந்து இந்த ரெண்டு படத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

பப்பாஸ் கிரேக்கத்தில் கொரிந்த் பக்கம் ஹிலியோமோடி என்கிற கிராமத்துக்காரர். அப்பா அம்மா ரெண்டு பேரும் ஆசிரியர்கள். ஏதென்ஸில் நாடகப் பள்ளி, 1948ல் முதல் படம், அப்புறம் இத்தாலி. 1956ல் ஜேம்ஸ் காக்னியோட ஒரு ஹாலிவுட் கௌபாய் படம். 'கன்ஸ் ஆஃப் நவரோன்' (1961) படத்தில் துரோகியைச் சுட்டுக் கொல்றாரே அந்தப் போராளிப் பெண், அதுவும் அவர்தான். ஆனா அந்த முகத்துக்கு ஈடான வேடம் கிரேக்கத் துன்பியல் நாடகங்களில்தான் கிடைச்சதுன்னு உறுதியா சொல்வேன்.

'எலெக்ட்ரா'வில் கூந்தலை அறுத்துக்கிற இடத்தை நீங்களே பார்த்திருப்பீங்க. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாம, செய்ய வேண்டிய ஒரு வேலையை முடிக்கிற மாதிரி செய்வார். அதை மனசில் வெச்சுக்கிட்டு 'இஃபிஜெனியா'வுக்கு வாங்க. மாவீரன் அக்கிலீஸுக்கு மணமுடிக்கப் போறாங்கன்னு நம்பி, மகள் இஃபிஜெனியாவைக் கூட்டிக்கிட்டு, ட்ராய் போருக்குக் கப்பலேறக் காத்திருக்கிற ஔலிஸ் படைமுகாமுக்கு வர்றாள் தாய். கல்யாண வீட்டு அம்மாவுக்கு உண்டான பூரிப்பும் பெருமையும் முகத்தில். அப்புறம் கிழட்டு வேலைக்காரன் உண்மையைச் சொல்றான்: கல்யாணம் இல்லை, காத்து வீச வேண்டி உன் பெண்ணைப் பலி கொடுக்கப் போறாங்க, சம்மதிச்சது உன் புருஷன் அகமெம்னான். அந்தப் பூரிப்பைப் பார்த்ததால்தான் அதுக்குப் பிறகு வர்ற சீற்றம் நம்மை நடுங்க வைக்குது. கடைசியில் காத்து வீசுது, கப்பல்கள் கிளம்புது, அதைப் பார்க்கிறாள். அகமெம்னானின் சாவு அந்தப் பார்வையிலேயே முடிவாயிடுது.

கரிசல்

மங்கை அக்கா சொல்றதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பப்பாஸின் பலம் பேசாம இருக்கிறதில்தான். 'ஸோர்பா'வில் (1964) அந்த விதவை எத்தனை வரி பேசுறாள்? கோயில் முன்னாடி ஊரே வளைச்சுக்கிட்டுக் கல்லெறியும்போதும் முகம்தான் எல்லாம். 'இசட்' (1969) படத்தில் கொலையான அரசியல்வாதியின் மனைவி, அதிலும் பேச்சு கம்மி. தாமரைக்கோ பக்கம் பக்கமா வசனம். கேமரா பக்கத்தில் வந்து காட்டுற நடிப்பை மேடையில் எட்டாவது வரிசைக்கு எப்படிக் கொண்டுபோவாங்க?

இன்னொண்ணும் சொல்லணும். 1967ல் கிரேக்கத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதும் அதை வெளிப்படையா எதிர்த்து, நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர் பப்பாஸ். 'இசட்' அந்த ஆட்சிக்கு எதிரான படம். கிரேக்கத்தில் எடுக்க வழியில்லாம அல்ஜீரியாவில் எடுத்தாங்க. அந்த வருஷங்களைத் தள்ளி வெச்சுட்டு அவர் முகத்தைப் புகழ எனக்கு மனசு வரலை.

மங்கை

கரிசல் தம்பி, அந்த வருஷங்களை நான் தள்ளி வைக்கலை. நாட்டுக்கு வெளியே இருந்தப்பதான் அவர் மேடையில் பெரிய வேலை செஞ்சார். 1967-68ல் நியூயார்க்கில் 'சர்க்கிள் இன் த ஸ்கொயர்' அரங்கில் இதே கிளைட்டம்னெஸ்ட்ரா, 1973ல் நியூயார்க்கிலேயே யூரிப்பிடிஸின் இன்னொரு நாயகி மெடியா. படத்துக்கு ஒன்பது பத்து வருஷம் முன்னாடியே மேடையில் பேசிப் பழகின வேடம் அது. 'இஃபிஜெனியா'வில் அவர் மௌனமா இல்லை. புருஷனை நிறுத்திவெச்சுக் கேள்வி கேட்கிறார், அக்கிலீஸிடம் மன்றாடுறார், கத்துறார். குரல் வளத்துக்கு கிரேக்க இசையமைப்பாளர் வான்கெலிஸ் இசையில் அவர் கிரேக்க நாட்டார் பாடல்கள் பாடின 'ஓட்ஸ்' (1979) தொகுப்பைக் கேளுங்க. எட்டாவது வரிசை என்ன, கடைசி வரிசைக்கே போகும்.

தாமரை

ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து ராத்திரியே 'இஃபிஜெனியா' பார்த்துட்டேன். தூக்கம் வரலை. ககோயானிஸின் ட்ராய் படத்திலும் பப்பாஸ் இருக்காங்கன்னு ஒரு தோழி சொன்னாள். அதையும் பார்க்கணுமா?

மங்கை

கட்டாயம் பாருங்க. 'ட்ரோஜன் விமன்', 1971. கிரேக்கத்தில் இன்னும் ராணுவ ஆட்சி, அதனால் ஸ்பெயினில் எடுத்தது. அதில் அவர் ஹெலன், ட்ராய் போருக்கே காரணம்னு எல்லாரும் பழிக்கிறவள், உங்க கிளைட்டம்னெஸ்ட்ராவின் தங்கச்சி. முதலில் மரப்பலகை இடுக்கில் கண்கள் மட்டும் தெரியும். வெளியே ட்ராய் பெண்கள் தாகத்தில் தவிக்கிறாங்க, உள்ளே இவளுக்குக் குளிக்கத் தண்ணீர் வருது. அவங்க கல்லெடுத்து எறியறாங்க. பிழைக்கணும்கிற ஒரே குறியோட இருக்கிறவளை அவர் கொஞ்சமும் அழகுபடுத்தாம நடிச்சிருக்கார். படம் வந்த வருஷத்தைப் பார்க்காதீங்க, கதை நடக்கிற வரிசையில் பாருங்க: ஔலிஸ், ட்ராய், கடைசியா மறுபடியும் 'எலெக்ட்ரா'.

இப்போ உங்க நாடகத்துக்கு வர்றேன். யூரிப்பிடிஸின் மூலத்தில் எலெக்ட்ராவின் குடிசைக்கு வந்து இறங்கினதும் கிளைட்டம்னெஸ்ட்ரா தன் தரப்பைச் சொல்வாள். என் மகளை அக்கிலீஸுக்குக் கட்டிக்கொடுக்கிறதா ஏமாத்திக் கூட்டிப்போய்க் கழுத்தை அறுத்தான். அதையும் பொறுத்திருப்பேன், ட்ராயிலிருந்து சிறைபிடிச்ச இளவரசி கசான்ட்ராவை வேற வீட்டுக்குக் கூட்டிவந்தான் என்பாள். எலெக்ட்ரா பதில் சொல்லி முடிச்ச பிறகு, செஞ்சதில் எனக்கு அப்படியொண்ணும் சந்தோஷமில்லைன்னும் சொல்வாள். நேரத்தைக் குறைக்க வெட்டறவங்க முதலில் கை வைக்கிறது அந்த வசனத்தில்தான். உங்க பிரதியில் அது இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. இல்லைன்னா இயக்குநரிடம் கேட்டு வாங்குங்க. அது இல்லாம நீங்க என்ன நடிச்சாலும் வில்லியாத்தான் வரும்.

தாமரை

பார்த்தேன் அக்கா. மகளைப் பற்றின வரிகள் இருக்கு. கசான்ட்ராவும் அந்தக் கடைசி வரியும் இல்லை. நாளைக்கு ஒத்திகைக்கு முன்னாடியே போய்க் கேட்கிறேன்.