கலைச்சொல்: பிரசன்ட் பர்ஃபெக்ட்டுக்கு 'இருப்பு நிகழ்காலம்' சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

கொஞ்ச நாளா அக்காவுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். அவங்க ஆபீஸ்ல கணக்கு எழுதுறவங்க, இனிமே மெயில் எல்லாம் இங்கிலீஷ்லதான் போடணும்னு சொல்லிட்டாங்களாம். சிம்பிள் பாஸ்ட் வரைக்கும் ஜம்முனு போச்சு, பிரசன்ட் பர்ஃபெக்ட் ('ஐ ஹேவ் ஈட்டன்' மாதிரி வர்றது) வந்ததும் வண்டி நின்னுடுச்சு. அதுவும் இலக்கணத்துல நிக்கல, பேர்லயே நின்னுடுச்சு. "பர்ஃபெக்ட்னா குறையே இல்லாததுதானே, அப்ப மத்த டென்ஸ் எல்லாம் குறையுள்ளதா?"ன்னு கேட்டாங்க. சரி தமிழ்ல என்ன பேருன்னு மெஷின் மொழிபெயர்ப்புல போட்டுப் பார்த்தா 'தற்போது சரியானது'ன்னு வருது, சிரிக்கிறதா அழுவறதான்னு தெரியல.

அந்தப் பேரு லத்தீன்லேர்ந்து வந்தது, அங்க 'பெர்ஃபெக்டும்'னா செஞ்சு முடிச்சதுன்னு அர்த்தம். லத்தீன் இலக்கணத்துக்காகச் செஞ்ச பெட்டியை இங்கிலீஷ் மேல கவுத்து வெச்சுட்டாங்க. நம்ம கைடு புத்தகங்களும் அதையே பிடிச்சுக்கிட்டு முற்று நிகழ்காலம், நிறைவு நிகழ்காலம், வினைமுற்று நிகழ்காலம்னு ஆளுக்கொண்ணு போட்டிருக்கு. இதுல 'முற்று' சுத்தமா ஆகாது. தமிழ் இலக்கணத்துல வினைமுற்றுன்னா வாக்கியத்தை முடிச்சு வைக்கிற வினை, எச்சத்துக்கு எதிர்ப்பக்கம். வந்தானும் முற்று, வருகிறானும் முற்று, வருவானும் முற்று. தமிழ் கிளாஸ்ல ஒண்ணு, இங்கிலீஷ் கிளாஸ்ல வேற ஒண்ணுன்னா படிக்கிறவன் என்ன பண்ணுவான்? 'நிறைவு' பரவாயில்லன்னு பார்த்தா 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்'ல என்ன நிறைஞ்சுது சொல்லுங்க, அந்த ஆளு இன்னும் அதே வீட்லதான் குடியிருக்கான்.

அக்கா நோட்டைத் திருத்திக்கிட்டு இருந்தப்பதான் ஒண்ணு தட்டுச்சு. 'சாப்பிட்டிருக்கேன்'னு சொல்றோம்ல, அதுல 'சாப்பிட்டு' வினையெச்சம், அது அசையவே அசையாது, காலம் காட்டுற வேலை மொத்தமும் பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற 'இரு'வோடதுதான். சாப்பிட்டிருக்கேன், சாப்பிட்டிருந்தேன், சாப்பிட்டிருப்பேன். இங்கிலீஷ்லயும் 'ஈட்டன்', அதாவது டியூஷன்ல வி த்ரீம்பாங்களே, அது அசையாது. ஹேவ் ஈட்டன், ஹேட் ஈட்டன், வில் ஹேவ் ஈட்டன்னு முன்னாடி நிக்கிற ஹேவ் மட்டும்தான் சட்டையை மாத்திக்கிட்டே போகும். அவங்க முன்னாடி வெச்சதை நாம பின்னாடி வெச்சிருக்கோம், வித்தியாசம் அவ்ளோதான்.

அதனால என் பரிந்துரை: இருப்பு நிகழ்காலம், இருப்பு இறந்தகாலம், இருப்பு எதிர்காலம். பேரைக் கேட்டதுமே எந்தத் துணைவினையைத் தொடணும்னு தெரியணும், எனக்கு வேண்டியது அதுதான். பர்ஃபெக்ட்ங்கறது காலமே இல்ல, ஆஸ்பெக்ட் (செயல் முடிஞ்சுதா, நடந்துக்கிட்டு இருக்கான்னு காட்டுறது)னு மொழியியல் படிச்சவங்க சொல்லுவீங்க, தெரியும், ஆஸ்பெக்ட்டுக்குத் தமிழ்ல என்னங்கறது தனி இழை, அதை இங்க திறந்தா வீடு போய்ச் சேர மாட்டோம். மத்தபடி கிழிச்சுத் தொங்கவிடுங்க.

-----

> பேரைக் கேட்டதுமே எந்தத் துணைவினையைத் தொடணும்னு தெரியணும்

தம்பி, முயற்சி நல்லா இருக்கு, 'முற்று' வேண்டாங்கறதுல எனக்கும் மறுப்பு இல்ல. ஆனா நான் வருஷக்கணக்கா விடைத்தாள் திருத்தினவன், அந்த பயத்துல சொல்றேன். 'இருப்பு'ன்னு பேர் வெச்சீங்கன்னா பிள்ளைங்க முதல்ல எழுதப்போறது 'ஐ ஆம் ஈட்டன்'. 'இரு'ன்னாலே அவங்களுக்கு ஆம், இஸ், ஆர்தான். 'ஹி இஸ் ரிட்டன் எ லெட்டர்'னு நான் அடிச்ச சிவப்புக் கோட்டுக்குக் கணக்கே இல்ல, நீங்க அதுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துடுவீங்க போல.

அது கிடக்கட்டும். உங்க இருப்பு பாதி வீட்டுக்குத்தான் வெளிச்சம் காட்டுது. 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' இதைத் தமிழ்ல எப்படிச் சொல்லுவீங்க? 'பத்து வருஷமா அவரைத் தெரியும்'. 'இரு' எங்க போச்சு? 'மூணு வருஷமா படிக்கிறேன்'ங்கறதும் அப்படித்தான், நமக்கு வெறும் நிகழ்காலமே போதும், அதனாலதான் நம்ம ஆளுங்க கூசாம 'ஐ ஆம் ஸ்டடியிங் ஃபார் த்ரீ இயர்ஸ்'னு எழுதுறாங்க. 'ஹி ஹேஸ் கம்'னா 'வந்துட்டான்', அதுல இருக்கறது 'விடு'. 'ஹேவ் யூ ஈட்டன்'னா 'சாப்பிட்டாச்சா', அதுல 'ஆயிற்று'. ஒரு ஹேவுக்கு நம்மகிட்ட மூணு நாலு ஆள் வேலை பார்க்கறாங்க, நீங்க ஒருத்தனுக்கு மட்டும் மாலை போடறீங்க.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். 'அந்தப் படத்தை 2015ல பார்த்திருக்கேன்', தமிழ்ல இதுல ஒரு தப்பும் இல்ல. இதை அப்படியே இங்கிலீஷ்ல 'ஐ ஹேவ் சீன் இட் இன் 2015'னு எழுதினா மார்க் போயிடும். காலைல எழுந்து வாசல் நனைஞ்சிருக்கறதைப் பார்த்துட்டு 'ராத்திரி மழை பெஞ்சிருக்கு'ங்கறோம், பெஞ்சப்ப நாம தூக்கத்துல இருந்தோம், தடயத்தை வெச்சு சொல்றதுக்கு நமக்கு 'இரு' உதவுது. இங்கிலீஷ்ல 'லாஸ்ட் நைட்'னு வந்துட்டா 'இட் ஹேஸ் ரெயின்ட்' நிக்காது, 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்'னு வேற வழியில போகணும். 'ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்'ங்கறதையும் யோசிங்க, இப்ப அங்க இருக்கான்னாலும் அதேதான், எப்பவோ ஒரு தடவை போயிட்டு வந்தவன்னாலும் அதேதான். இங்கிலீஷ்ல முதலாவது 'ஹேஸ் கான்', ரெண்டாவது 'ஹேஸ் பீன்'. இதையெல்லாம் உங்க ஒத்தைச் சொல் தாங்குமான்னு பாருங்க.

-----

ஐயா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல, ஒரு சின்ன சந்தேகம் மட்டும். இருப்புப் பாதைன்னா இரும்புப் பாதை. அப்ப இருப்பு நிகழ்காலம்னா இரும்புக் காலமா? :-) தொல்லியல் இழைக்கு அனுப்பிடவா?

-----

ஐயா, நண்பரே, ரெண்டு பேருக்கும் நன்றி. இரும்புக் காலத்துக்கு வாய்விட்டுச் சிரிச்சேன். அங்க 'இரும்பு'தான் 'இருப்பு'ன்னு திரியுது, இது 'இரு'வோட தொழிற்பெயர், எழுத்து ஒண்ணுதான், வேர் வேற. கையிருப்புன்னா யாரும் கையில இரும்புன்னு நினைக்கறதில்லையே.

> முதல்ல எழுதப்போறது 'ஐ ஆம் ஈட்டன்'

இதுக்கு ரெண்டு நாள் யோசிச்சேன் ஐயா. 'ஐ ஹேவ் எ புக்', இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றோம்? 'என்கிட்ட புத்தகம் இருக்கு'. நம்மகிட்ட ஹேவுக்குன்னு தனி வினையே கிடையாது, அந்த வேலையையும் 'இரு'தான் பார்க்குது. அதாவது 'இரு'ன்னா ஆம், இஸ், ஆர் மட்டும்னு நாமதான் பிள்ளைங்களைப் பழக்கிட்டோம், 'ஹேவ்'வும் 'இரு'தான்னு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தா அந்தச் சிவப்புக் கோடு பாதி குறைஞ்சிருக்கும்னு தோணுது. இங்கிலீஷ்ல இந்த அமைப்பு பொறந்ததே அந்த 'என்கிட்ட இருக்கு'லேர்ந்துதான், பழைய இங்கிலீஷ்ல 'கடிதம் எழுதின நிலையில என்கிட்ட இருக்கு'ங்கற மாதிரி ஆரம்பிச்சு, வார்த்தை இடம் மாறி மாறி 'கடிதம் எழுதியிருக்கேன்'னு ஆச்சு. இன்னொண்ணு, வர்றது போறது மாதிரி வினைகளுக்கு அவங்களே ரொம்ப காலம் ஹேவ் போடாம 'ஹி இஸ் கம்'னுதான் எழுதினாங்க, 'ஹி இஸ் கான்' இன்னிக்கும் மிச்சம் இருக்கு, ஜெர்மன்ல இன்னும் அப்படித்தான் ஓடுது. உங்க மாணவர்கள் பாவம், கொஞ்சம் லேட்டா பொறந்துட்டாங்க.

> பாதி வீட்டுக்குத்தான் வெளிச்சம்

இதுல நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டு, இழையை மூடிடலாம்னுதான் நேத்து உக்கார்ந்தேன். பக்கத்துல இருந்த அக்கா எட்டிப் பார்த்துட்டு "இருப்புன்னா எங்க இருப்பா?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு இருப்புன்னா பேரேட்டுல கடைசிக் கட்டம். வரவு, செலவு, இருப்பு. எனக்கு அதுவரைக்கும் அது தோணவே இல்ல, நான் 'இரு'ங்கற வினையையே கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தேன்.

அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன்: "வரவுக்குத் தேதி உண்டு, என்னிக்கு வந்ததுன்னு எழுதணும். இருப்புன்னு கேட்டா என்னிக்கு வந்ததுன்னு யாரும் கேட்க மாட்டாங்க, இப்ப எவ்ளோ நிக்குதுன்னுதான் கேட்பாங்க."

ஐயா, நீங்க கேட்ட 2015 விஷயம் இதுலயே முடிஞ்சு போச்சு. 'ஐ சா இட் இன் 2015' வரவு, தேதியோட. 'ஐ ஹேவ் சீன் இட்' இருப்பு, இன்னிக்கு என் கணக்குல அது இருக்கு. இருப்புக்கட்டத்துல யெஸ்டர்டே, லாஸ்ட் வீக்னு வரவோட தேதியை எழுதக்கூடாது. தமிழ்ல நாம ரெண்டையும் கலந்து எழுதுறோம், இங்கிலீஷ்காரன் கட்டம் பிரிச்சு எழுதுறான், அவ்ளோதான்.

நீங்க கேட்ட 'பத்து வருஷமா தெரியும்' இன்னும் நல்லா உக்காருது. பத்து வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நிக்கிற தொகை அது, கணக்கு இன்னும் மூடல. தமிழ் வாக்கியத்துல 'இரு' வந்தா என்ன, 'விடு' வந்தா என்ன, ஒண்ணுமே வராட்டி என்ன, இன்னிய தேதிக்கு நிக்குதான்னு மட்டும் கேட்டுக்கிட்டா போதும். ஹேட் போட்டது 'போன மாசக் கடைசில இருந்த இருப்பு', அதாவது பழைய ஒரு புள்ளியில நின்னுக்கிட்டு அதுவரைக்கும் சேர்ந்ததைப் பார்க்கறது. வில் ஹேவ் போட்டது 'வர்ற மாசக் கடைசில இருக்கப்போற இருப்பு'. மூணுக்குமே விளக்கம் தனியா எழுத வேண்டியதில்ல.

'போயிருக்கான்' மட்டும் இதுக்கும் அடங்கல, அதை ஒத்துக்கறேன். ஹேஸ் கான், ஹேஸ் பீன் ரெண்டுமே இருப்புதான், ஆளு திரும்பி வந்தானா இல்லையாங்கறதை எந்தப் பேராலயும் சொல்ல முடியாது, அதைத் தனியாத்தான் படிக்கணும். மழை விஷயமும் அப்படித்தான், அது தமிழ் 'இரு'வுக்கு இருக்கற தனிக் குணம், கலைச்சொல் மேல பழி போடக் கூடாது.

அதனால முதல் மடல்ல நான் சொன்ன காரணத்தை வாபஸ் வாங்கிக்கறேன், சொல்லை வாங்கிக்கல. துணைவினைக்காக வெச்ச பேரு, கணக்குப் புத்தகத்தால பிழைச்சுக்கிச்சு. பதிவுக்கு இப்படிப் போடலாம்னு நினைக்கிறேன்: 'இருப்பு நிகழ்காலம்: முன்னாடி நடந்தது அல்லது முன்னாடியே தொடங்கினது, பேசுற இந்த நேரத்துக் கணக்குல நிற்பதைக் காட்டும் வினை வடிவம். முடிஞ்சுபோன நேரத்தைக் குறிக்கும் சொல் இதோடு சேராது.' 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்' மூணுக்கும் எடுத்துக்காட்டு யாராவது எழுதிக் கொடுங்க, அமெரிக்கப் பேச்சுல இதே இடத்துல சிம்பிள் பாஸ்ட் போடுவாங்கங்கற குறிப்போட.

இன்னிக்குக் காலைல அக்கா முதல் மெயிலை எழுதிட்டு என்கிட்ட காட்டினாங்க. 'ஐ ஹேவ் சென்ட் த பில்ஸ் யெஸ்டர்டே'ன்னு இருந்துச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே "ஐயையோ, இருப்புல தேதி போட்டுட்டேன்"னு சொல்லிட்டு கடைசி வார்த்தையை அழிச்சாங்க. அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, "இல்ல, என்னிக்கு அனுப்புனோம்னுதான் அவர் கேட்டாரு"ன்னு யெஸ்டர்டேயைத் திரும்பப் போட்டுட்டு ஹேவை அழிச்சாங்க.