ஹேண்ட்ஹெல்டில் ஆர்கேட் கேம் ஆடுபவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கன்சோல் கேம்களை எமுலேட்டரில் (பழைய இயந்திரம் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) ஓட்டிப் பழகிய கையோடு, கையடக்கக் கருவியில் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திரங்கள்) பக்கம் வந்தால் முதலில் எரிச்சல்தான் வரும், எனக்கும் வந்தது. கன்சோல் என்றால் எல்லா கேமுக்கும் ஒரே கன்ட்ரோலர், ஒரே மாதிரித் திரை. ஆர்கேடில் ஒவ்வொரு கேமும் தனி இயந்திரம். திரையின் வடிவம், ஜாய்ஸ்டிக், பட்டன் எண்ணிக்கை, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது வரை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பொதுவாக ஒரு செட்டிங் போட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் ரோம்களை, அதாவது கேம் ஃபைல்களை, கொட்டி வைப்பதில் பிரயோஜனமே இல்லை என்பது என் கட்சி. கொஞ்சம் கேம்களை எடுத்து ஒவ்வொன்றையும் தனியாகச் சரிசெய்து வைத்தால்தான் ஆடப் பிடிக்கிறது.

பேக்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் வந்த அந்த இயந்திரத்தில் திரை நெட்டுக்குத்தாக இருக்கும், அகலம் 224 பிக்சல், உயரம் 288. என்னிடம் இருப்பது 640×480 திரை. வழக்கம்போல் பிடித்து ஆடினால் 288ஐ 480க்கு இழுக்க வேண்டும், அதாவது 1.67 மடங்கு, அது முழு மடங்கு இல்லை என்பதால் சுவரில் ஒரு கோடு தடித்தும் இன்னொன்று மெலிந்தும் தெரியும், புள்ளிகளில் சில சதுரமாகவும் சில சப்பையாகவும் இருக்கும். சரி என்று முழு மடங்கில் மட்டும் பெரிதாக்கும் இன்டிஜர் ஸ்கேலிங்கைப் போட்டால் படம் ஒரு மடங்கிலேயே நின்று நடுவில் தபால்தலை மாதிரி சுருங்கிவிடுகிறது. அப்புறம்தான் கருவியையே பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தேன். இப்போது அகலம் 480, உயரம் 640. சரியாக இரண்டு மடங்கு, 448×576, கச்சிதமாக உள்ளே உட்கார்ந்துவிட்டது. கோடுகள் எல்லாம் ஒரே தடிமன், பேய்களின் கண் கூடத் தெளிவாகத் தெரிகிறது, அதே திரைதானா இது என்று இருந்தது.

இதற்கு எஃப்பிநியோ என்ற ஆர்கேட் எமுலேட்டரில் வெர்டிகல் மோட், மேம் 2003 பிளஸ் என்ற இன்னொன்றில் டேட் மோட் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. ஆனால் கருவியைத் திருப்பினால் டி-பேடும் (திசை அம்புப் பட்டன்) சேர்ந்து திரும்பும் இல்லையா? இடது பக்கம் கீழே வருமாறு பிடித்தால் வலது அம்பு மேலே பார்க்கும், மேல் அம்பு இடப்பக்கம் பார்க்கும். எந்த அம்பு எந்தத் திசை என்பதை மாற்றி (ரீமேப்) அந்த கேமுக்கு மட்டும் சேமியுங்கள், கோர் (கேம்களை ஓட்டும் எமுலேட்டர்) முழுவதற்கும் சேமித்தால் மற்ற கேம்களில் எல்லாமே கோணலாகிவிடும். பேக்மேனுக்குச் சுட வேண்டியதில்லை, டி-பேட் போதும். கேலகாவுக்குச் சுடும் பட்டன் வேண்டும், அதை இடது தோள்பட்டனான எல்1க்கு மாற்றினேன்; அந்த மூலை இப்போது கீழே இடது ஓரத்தில் இருக்கும், இடது கை விரலுக்குச் சரியாக எட்டும். இன்னொன்று, பேக்மேனின் அசல் ஜாய்ஸ்டிக் நான்கே திசைதான், அனலாக் ஸ்டிக்கில் ஆடினால் திருப்பங்களில் கோணல் திசை விழுந்து பேயிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

*

எனக்குத் திரை ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை, ரோம் திறப்பதுதான் பெரும்பாடு. நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் ஜம்மென்று ஓடிய அதே ஜிப், என் கருவியில் கருப்புத் திரையைக் காட்டிவிட்டு மெனுவுக்கே திரும்பிவிட்டது. காரணம் இதுதான். மேம் 2003 கோர் என்பது அந்த வருடத்து 0.78 பதிப்பை வைத்துச் செய்தது, அதற்கு அந்தக் காலத்து செட்தான் (ஒரு கேமின் ரோம் ஃபைல்கள் அடங்கிய தொகுப்பு) வேண்டும். ஜிப்பைத் திறந்து பார்த்தால் புரியும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலும் இயந்திரத்தின் சர்க்யூட் பலகையில் இருந்த ஒரு சிப்பின் நகல். பேக்மேனில் 6இ, 6எஃப், 6ஹெச், 6ஜே என்று முடியும் நான்கு ஃபைல்கள் இருக்கும், அவை பலகையில் அந்தச் சிப் உட்கார்ந்திருந்த இடத்தின் பெயர். பிற்பாடு யாராவது ஒரு சிப்பைத் திரும்பச் சரியாகப் படித்தால் செட் மாறிவிடும், பழைய கோருக்கு அது தெரியாது.

மேமில் மூல செட் பக்மேன் என்ற ஜப்பானியப் பதிப்பு, பேக்மேன் அதன் குளோன், அதாவது அதன் மாறுபட்ட பதிப்பு. மாறிய ஃபைல்கள் மட்டும் குளோன் ஜிப்பில் இருக்கும் ஸ்பிளிட் செட்டாக இருந்தால் வண்ணத்துக்கும் ஒலிக்குமான சிப்கள் மூல ஜிப்பில்தான் இருக்கும், அதுவும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். நியோ ஜியோ என்ற ஆர்கேட் பலகையின் கேம்களுக்குத் தனியாக பயாஸ் (பலகையின் அடிப்படை மென்பொருள்) ஜிப்பும் வேண்டும். அப்புறம், அழகாக இருக்கட்டும் என்று ஜிப்பின் பெயரை மாற்றாதீர்கள், அந்தப் பெயரை வைத்துத்தான் கோர் கேமையே அடையாளம் காண்கிறது. ரோமுக்கு உரிமை யாரிடம் என்பது தனி விவகாரம், அதற்குள் போகவில்லை. உரிமையாளர்களே அனுமதி தந்த சில கேம்கள் மேம் தளத்திலேயே இருக்கின்றன, செட்டிங் பழக அவையே போதும்.

*

ஆர்-டைப் என்ற விண்கலச் சுடும் கேம் ஆடியவர்கள் யாராவது கவனித்தீர்களா? அந்தப் பலகை ஓடுவது ஏறக்குறைய 55 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 55 ஃபிரேம்), நம் கருவிகளின் திரை பெரும்பாலும் 60. நொடிக்கு ஐந்து ஃபிரேம் இரண்டு முறை வரும், பின்னணி நகரும்போது லேசாகக் குலுங்கும். மார்டல் காம்பாட்டும் இதே சங்கதிதான், ஆனால் சண்டையில் அது கண்ணில் படாது, மெதுவாக நகரும் விண்வெளியில் படும். எஃப்பிநியோவில் 60க்குக் கட்டாயப்படுத்தும் ஆப்ஷன் உண்டு, போட்டால் குலுக்கல் போய்விடும், கேம் வேகமாகிவிடும். எனக்கு அந்த வேகம் கட்டுப்படியாகவில்லை, குலுக்கலோடே ஆடுகிறேன்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐ நான் கைவிட்டுவிட்டேன். மூன்று குத்து, மூன்று உதை, இரண்டு வரிசையில் இருந்த ஆறு பட்டன். அதில் இரண்டைத் தோள்பட்டனுக்குத் தள்ளியதும் விரல் பழக்கமே போய்விடுகிறது. படத்தை மட்டும் 4:3இல் வையுங்கள், அசல் 384×224 என்று சதுரப் பிக்சலாகக் காட்டினால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள்.

*

முதல் பதிவு போட்டவன்தான். ஆர்-டைப் விஷயம் எனக்குப் புதிது, இன்று போய்ப் பார்க்கிறேன். சண்டை கேம் பற்றி முழுச் சம்மதம். ஆனால் இடது வலது ஸ்டிக் இரண்டும் இருக்கும் கருவி வைத்திருப்பவர்கள் ரோபோட்ரானை விடாதீர்கள், ஒரு ஸ்டிக் நடக்க, மற்றது சுட, 1982இல் அசல் இயந்திரமே அப்படித்தான். டெம்பெஸ்டுக்கு வழி கண்டவர் இருந்தால் சொல்லுங்கள், அதன் சுழலும் குமிழுக்கு டி-பேடும் சரிப்படவில்லை, ஸ்டிக்கும் சரிப்படவில்லை.