க்ளவுன் ப்ராஜெக்ட்டுக்கு ஆண் ராயல் பைத்தான்: இந்த மூன்றில் எதை எடுப்பது?

ஆதிரை_லெஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன், வீட்டில் மூன்று பெண் ராயல் பைத்தான்கள் (பால் பைத்தான் என்ற மலைப்பாம்பு வகை) வளர்க்கிறேன். முதலாவது பாஸ்டல், ஹெட் க்ளவுன் (க்ளவுன் ஜீனை வெளியே தெரியாமல் சுமப்பவள்), 1750 கிராம், மூன்று வயது. அடுத்தது மொஹாவே, இரண்டு வயது, 1300 கிராம்தான் இருக்கிறாள். மூன்றாவது சாதாரண நிறம், 2200 கிராம், முன்பு வைத்திருந்தவரிடமே முட்டை வைத்துக் குஞ்சு பொரித்தவள்.

இந்தக் குளிர்காலத்தில் இணை சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு ஆண் வாங்கத்தான் பணம் இருக்கிறது. க்ளவுன் எனக்கு மிகவும் பிடித்த மார்ஃப் (பாஸ்டல், மொஹாவே மாதிரி ஜீனால் வரும் நிற வகை), அதை நோக்கித்தான் போக ஆசை. மூன்று ஆண்கள் விலைக்கு வந்திருக்கின்றன:

அ) பாஸ்டல் க்ளவுன், பத்து மாதம், 450 கிராம், 220 பவுண்டு.
ஆ) பனானா ஹெட் க்ளவுன், மூன்று வயது, 900 கிராம், ஏற்கெனவே குஞ்சுகளுக்குத் தகப்பன், 120 பவுண்டு.
இ) ஸ்பைடர் பாஸ்டல் லெஸ்ஸர், ஹெட் க்ளவுன் என்று விற்பவர் சொல்கிறார், இரண்டு வயது, 90 பவுண்டு.

மூன்றாவதில் ஜீன் அதிகம், விலையும் குறைவு, அதனால் மனம் அந்தப் பக்கம் போகிறது. ஆனால் ஸ்பைடரைப் பற்றிப் பலவிதமாகச் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கறுப்புச்சாரை

ஆதிரை, மூன்றாவதை விட்டுவிடுங்கள். ஸ்பைடர் ஜீன் உள்ள ஒவ்வொரு பாம்புக்கும் சமநிலை தவறித் தலை ஆடும் கோளாறு ஏதோ ஓர் அளவில் இருக்கும். சிலதில் கண்ணுக்கே தெரியாது, சிலது தலையை முழுக்கத் திருகிக்கொண்டு மேலே பார்த்தபடி நிற்கும், எலியைக் கடிக்கப் போய்க் குறி தவறும். தகப்பனுக்கு லேசாகத்தானே இருக்கிறது, குஞ்சுக்கும் லேசாகத்தான் இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது, ஒரே ஈட்டில் வந்த குஞ்சுகளுக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம் வரும். 2022-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஸ்பைடர் பாம்புகளின் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், சமநிலையைக் காக்கும் உள்காதின் அரைவட்டக் குழாய்களே உருக்குலைந்து இருந்தன. வளர்ப்பு சரியில்லை, சூடு அதிகம் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்ததற்கெல்லாம் இனி இடமில்லை. பாம்பு அப்படித்தான் பிறக்கிறது.

டான்காஸ்டரில் ஷோ நடத்தும் இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிக்கல் சொசைட்டி 2018-லேயே தன் ஷோக்களில் ஸ்பைடர் விற்பதை நிறுத்திவிட்டது. குஞ்சு பிறந்த பிறகு அதை எங்கே, யாரிடம் கொடுப்பீர்கள்?

இன்னொரு விஷயம். லெஸ்ஸரை உங்கள் மொஹாவேயோடு சேர்த்தால் நாலில் ஒன்று நீலக்கண் வெள்ளைப் பாம்பாக வரும். பார்க்க அழகுதான், ஆனால் அந்த வெள்ளைக்குள் ஸ்பைடர் இருந்தால் வெளியே தெரியாது. தெரியாமலே அதை யாருக்கோ விற்பீர்கள், அவர் அதை இணை சேர்ப்பார், அப்படியே போய்க்கொண்டே இருக்கும். 90 பவுண்டுக்கு அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம்.

---

பொன்னன்_ரெப்டைல்ஸ்

கறுப்புச்சாரை சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஆகவே அ, ஆ இரண்டை மட்டும் பார்ப்போம், கணக்கு போட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

க்ளவுன் ஒடுங்கு ஜீன். அப்பா அம்மா இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். ஹெட்டோடு ஹெட்டைச் சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. ஆறு முட்டை வைத்தாள் என்றால் ஒரு க்ளவுன்கூட வராமல் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 18 சதவீதம். அதைவிடப் பெரிய தொல்லை, மீதி வரும் க்ளவுன் அல்லாத குஞ்சுகள். அவற்றில் எது ஹெட், எது இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் "66 சதவீத ஹெட்" (ஹெட்டாக இருக்க 66 சதவீத வாய்ப்பு) என்றுதான் விற்க வேண்டும், வாங்குபவர்களுக்கு அதில் ஆர்வமே இருக்காது.

வெளியே தெரியும் க்ளவுன் ஆணை அதே ஹெட் பெண்ணோடு சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் பாதிக்குப் பாதி. ஆறில் ஒன்றுகூட வராமல் போவதற்கு 64-ல் ஒரு வாய்ப்புதான். க்ளவுனாக வராதவை எல்லாமே உறுதியான ஹெட், சந்தேகமே இல்லை. உங்கள் மொஹாவேக்கும் சாதாரணப் பெண்ணுக்கும் பிறக்கும் அத்தனை குஞ்சும் உறுதியான ஹெட் க்ளவுன்தான், அதிலிருந்து நல்ல பெண் குஞ்சுகளைப் பிடித்து வைத்தால் அடுத்த தலைமுறை உங்கள் கையில் இருக்கிறது. பனானா ஹெட்டோடு அந்த இரண்டு பெண்களையும் சேர்த்தால் குஞ்சுகள் "50 சதவீத ஹெட்" ஆகும், அதை வைத்து ஒன்றும் திட்டமிட முடியாது. க்ளவுனுக்கு பாம்புச் சட்டையை வைத்து டி.என்.ஏ பார்க்கும் ஆய்வகங்கள் இப்போது உண்டு, ஆனால் ஒவ்வொரு குஞ்சுக்கும் காசு கட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஆரம்பத்திலேயே க்ளவுன் ஆணை வாங்கிவிடலாம்.

பாஸ்டல் இரண்டு பக்கமும் இருப்பதால் அந்த முதல் ஜோடியில் நாலில் ஒன்று சூப்பர் பாஸ்டல் (பாஸ்டல் ஜீன் இரண்டு பக்கமும் வந்தது) வரும், சூப்பர் பாஸ்டல் க்ளவுன் எட்டில் ஒன்று. மஞ்சள் நன்றாக எடுக்கும். என் கண்ணுக்கு அது போதும், ஆறு ஜீனை ஒரே பாம்பில் திணித்தால் எது எதுவென்றே தெரியாமல் போகிறது.

பனானாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஜீன் பாலின குரோமோசோமோடு ஒட்டிப் போவது. அந்த ஆணுக்கு பனானா தாயிடமிருந்து வந்திருந்தால் அவனுக்குப் பிறக்கும் பனானாக்களில் பெரும்பாலும் பெண், தகப்பனிடமிருந்து வந்திருந்தால் பெரும்பாலும் ஆண். நூற்றுக்கு நூறு அப்படியே வராது, சில குஞ்சுகள் மாறி வரும். விற்பவரிடம் "யார் பக்கத்துப் பனானா?" என்று கேளுங்கள், ஏற்கெனவே குஞ்சு எடுத்தவர் என்றால் பதில் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஆண் பனானாவையே தருபவன் என்றால் உங்களுக்குப் பயன் குறைவு, ஏனென்றால் ஒரே ஆண் நாலைந்து பெண்களுக்குப் போதும், ஆண் குஞ்சுகளை யாரும் தேடி வந்து வாங்குவதில்லை.

---

தேவி_குரொய்டன்

தங்கச்சி, ஜீன் கணக்கு எல்லாம் சரி, ஆனால் அந்த ஆணை நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீங்க. நான் பார்ப்பது முதலில் சாப்பாட்டுக் குறிப்பு. உறைய வைத்து இளக்கிய எலியைத் தயங்காமல் எடுக்கிறானா, மாதாமாதம் எடை ஏறியிருக்கிறதா, இதை எழுதி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இணை சேரும் பருவத்தில் ஆண்கள் பலர் வாரக்கணக்கில் சாப்பிடாமல் பெண்ணைத் தேடிக்கொண்டே அலைவார்கள், எடை இறங்கும். சாதாரண நாளிலேயே சாப்பிட அடம்பிடிப்பவன் அந்தப் பருவத்தைத் தாங்க மாட்டான். அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் போகும் என்பது என் எண்ணம், அதனால் நன்றாகச் சாப்பிடும் ஆண் என்றால் நான் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பேன்.

அப்புறம் கழுத்திலிருந்து வால் வரை முதுகெலும்பின் மேல் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், எங்கேயாவது முடிச்சு மாதிரி தட்டினால் வேண்டாம். வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், எச்சில் குமிழ் இருக்கக்கூடாது, மூச்சில் விசில் சத்தம் கேட்கக்கூடாது. கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் கறுப்புப் புள்ளியாக உண்ணி ஓடுகிறதா என்று பாருங்கள், தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்கிச் செத்த உண்ணி இருந்தாலும் தெரியும். ஆண் என்று சொல்லி விற்றது பெண்ணாக இருந்த கதைகள் ஏராளம், ஆகவே தெரிந்த ஒருவரை வைத்து உங்கள் முன்னாலேயே ப்ரோப் போட்டு (வாலடித் துளையில் மெல்லிய கம்பி விட்டு ஆழம் பார்ப்பது) காட்டச் சொல்லுங்கள். ஆண் என்றால் ஏழு, எட்டு செதில் ஆழம் போகும், பெண் என்றால் மூன்று நாலோடு நின்றுவிடும். நீங்களாகப் பழகிப் பார்க்காதீங்க, காயம் ஆகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு அறையில் மூன்று மாதம் தனியாக வைத்தே ஆக வேண்டும். பாம்புகளின் மூச்சு உறுப்புகளைத் தாக்கும் நிடோவைரஸுக்கு வாயில் ஸ்வாப் எடுத்து பி.சி.ஆர் பாருங்கள், ஊர்வன பார்க்கும் வெட் செய்து தருவார்கள். ஒரு ஆண் மூன்று பெண்களின் பெட்டிக்கும் மாறி மாறிப் போகப் போகிறான், அவனிடம் நோய் இருந்தால் உங்களிடம் இருக்கும் எல்லாவற்றுக்கும் போய்விடும். 2200 கிராம் பெண்ணை வளர்த்தெடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

---

மொட்டைமாடி_சென்னை

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். இங்கே சென்னையில் இதே மாதிரி பால் பைத்தான் வாங்கி இணை சேர்க்கலாமா?

---

கறுப்புச்சாரை

@மொட்டைமாடி_சென்னை தம்பி, நம் ஊர் மலைப்பாம்பைத் தொடவே கூடாது, அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பால் பைத்தான் வெளிநாட்டு இனம், ஆனால் சைட்டீஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் வருவதால் 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதையும் பதிவு செய்ய வேண்டும். 2024 விதிகள்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்து, குஞ்சு பிறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். காகிதம் இல்லாமல் விற்கிறேன் என்று சொல்பவரிடம் வாங்காதே. மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்கு.

---

ஆதிரை_லெஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. ஸ்பைடர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வெள்ளைக் குஞ்சுக்குள் ஒளிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது, அது ஒன்றே போதும்.

பனானா விற்பவரிடம் கேட்டேன், அவனுக்கு அது தகப்பன் பக்கத்திலிருந்து வந்ததாம். ஆகவே பாஸ்டல் க்ளவுன்தான். ஆனால் அவன் 450 கிராம்தானே, இந்தப் பருவத்துக்குத் தயாராவானா? தனியாக மூன்று மாதம் வேறு வைக்க வேண்டும். பொறுக்க வேண்டியிருந்தால் பொறுக்கிறேன், அவனைக் கெடுத்துவிடக்கூடாது.

---

பொன்னன்_ரெப்டைல்ஸ்

நல்ல முடிவு. இப்போது செப்டம்பர், வாங்கி மூன்று மாதம் தனியாக வைத்தால் டிசம்பர் கடைசி. அதற்குள் ஒழுங்காகச் சாப்பிட்டு 650, 700 கிராம் தொட்டால் ஜனவரியில் முதல் பெண்ணோடு மட்டும் விட்டுப் பாருங்கள். பல ஆண்கள் அந்த எடையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள், சிலருக்கு இன்னொரு வருடம் பிடிக்கும், அதில் அவசரப்படுத்த ஒன்றும் இல்லை. எடையை ஏற்ற வேண்டும் என்று பெரிய எலியாகத் திணிக்காதீர்கள், வாரம் ஒன்று, அவன் உடம்பின் தடிமனுக்குத் தகுந்தது போதும். உரித்த சட்டையின் வால் பக்கம் விந்து அடைப்பு மெல்லிய குச்சி மாதிரி ஒட்டியிருந்தால் முதிர்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

பெண்ணின் பெட்டிக்குள் இரண்டு மூன்று நாள் விடுங்கள், பிணைந்தால் ஒரு நாளுக்கு மேலும் அப்படியே கிடப்பார்கள், பிரிக்க வேண்டாம். பிறகு அவன் பெட்டிக்கே கொண்டுவந்து ஓய்வு கொடுத்து, எலி வைத்துப் பாருங்கள். எடை பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அந்தப் பருவத்தை அதோடு நிறுத்திவிடுங்கள். முதல் வருடம் ஒரே பெண் போதும், சாதாரணப் பெண்ணை அவன் நன்றாகத் தாங்கினால் மட்டும் சேர்க்கலாம். மொஹாவேயை இந்த வருடம் விட்டுவிடுங்கள், அவள் 1500-க்கு மேல் வரட்டும்.

---

தேவி_குரொய்டன்

இன்குபேட்டரை ஜனவரிக்கு முன்பே வாங்கி 31.5 டிகிரியில் ஓடவிட்டுப் பாருங்கள், முட்டை 55 முதல் 60 நாள் அதில் இருக்கப் போகிறது, வெப்பம் ஏறி இறங்கினால் குஞ்சுக்கு ஆகாது. குஞ்சுகளை விற்பதாக இருந்தால் கவுன்சிலில் உரிமம் வேண்டுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள், 2018 விதிகளுக்குப் பிறகு தொழிலாக விற்பவர்களுக்கு அது கட்டாயம். ஆணை எடுக்கப் போகும்போது பெட்டிக்குள் ஒரு துணிப்பையும், கைபொறுக்கும் சூட்டில் வெந்நீர்ப் புட்டி ஒன்றைத் துணியில் சுற்றியும் வைத்துக்கொள்ளுங்கள், காரில் குளிரில் வர வேண்டாம் அவன்.