பிஸ்டல் பயிற்சியில் விரலிடைத் தோல் கிழிகிறது: கையுறை போதுமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பிக்க எண்ணி, அதற்குமுன் பெற வேண்டிய தகுதிச் சான்றிதழுக்காகப் பயிற்சி பெற்று வருகிறேன். அங்கே தரப்படும் 9 மி.மீ. பிஸ்டலைச் சுடும்போது, வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தோலில் இணைகோடுகளைப் போல இரண்டு கீறல்கள் விழுந்து இரத்தம் கசிகிறது. போகப் போகத் தோல் தடித்துவிடும் என்கிறார்கள். கையுறை அணிந்தால் போதுமா, பிடியையே மாற்ற வேண்டுமா?

பதில் (பீனிக்ஸ்)

வணக்கம், தங்கையே. தோல் தடிக்கும் என்று தயவுசெய்து காத்திருக்க வேண்டாம்; கையுறையைவிடப் பிடியைச் சரிசெய்வதே முக்கியம். எந்தப் பாகம் கையைக் கடிக்கிறது என்பதைக் காயத்தின் வடிவமே சொல்லிவிடும். இணையான இரு கீறல்கள் என்றால், சுட்டதும் பின்னோக்கிப் பாயும் ஸ்லைடின் (பிஸ்டலின் நகரும் மேற்பகுதி) இரண்டு அடிவிளிம்புகளும் தோலை உரசுகின்றன என்று பொருள். ஒரே இடத்தில் கிள்ளியதுபோல் கன்றியிருந்தால், அது ஹேமர் (பிஸ்டலின் பின்புறமுள்ள சுத்தியல் போன்ற பாகம்) பின்னால் சாயும்போது நசுக்கியது. 1935இல் வெளிவந்த பிரௌனிங் ஹை-பவர் பிஸ்டலில், சதைப்பற்றுள்ள கையினருக்கு இது நெடுநாள் தொல்லை.

பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு, தோட்டாக்கள் அடுக்கப்படும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பின், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, வழக்கம்போல் வலக்கையால் பிடித்தபடி இடக்கையால் ஸ்லைடை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். தோல்மடிப்பு பிடியின் பின்முனைக்கு மேலே பிதுங்கி நிற்பது தெரியும். அப்படியானால் கையை ஓரிரு மில்லிமீட்டர் இறக்கலாம். ஆனால் அதிகம் இறக்கினால் குழல் துள்ளும் என்பதால், பிடியின் பின்புறம் நாக்குப்போல் நீண்டு கையைக் காக்கும் வேறொரு பிஸ்டலைக் கேட்டு வாங்குவதே மேல். இடது கட்டைவிரலை ஸ்லைடின் பின்னால் குறுக்கே வைக்கவே கூடாது. அந்த வெட்டு மிக ஆழமாக விழும். இரண்டு கட்டைவிரல்களும் இடப்பக்கத்தில் முன்னோக்கி இருக்கட்டும்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அண்ணன் சொன்னதோடு உடன்படுகிறேன். எனினும் கையுறையை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. சொரசொரப்பான பிடி உள்ளங்கையைத் தேய்த்துக் கொப்புளம் எழுப்புமானால், மெல்லிய தோல் கையுறையோ துணிப் பிளாஸ்டரோ நன்கு உதவும். தடித்த கையுறை ட்ரிகரின் உணர்வை மழுக்கிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கவும். பிற்பாடு ரிவால்வர் சுட நேர்ந்தால், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கின் அருகே விரலை நீட்டாதீர்கள்; அங்கிருந்து பீறிடும் சூடான வாயு தோலைக் கிழித்துவிடும், அதற்குக் கையுறையை நம்பக்கூடாது.

பதில் (லெனேசியா)

செவிலியராகப் பணியாற்றுபவள் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்துகிறேன், அக்கா. இரத்தம் கசிந்தால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுங்கள். வலிக்கும் கையோடு தொடர்ந்து சுட்டால், ட்ரிகரை இழுக்கும்முன் கை தானாகவே சுருங்கும் பழக்கம் படிந்துவிடும். தோட்டாப் புகையில் ஈயம் இருப்பதால் காயத்தையும் இரு கைகளையும் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். அதற்குமுன் எதையும் உண்ண வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால், அருகிலுள்ள கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு பரவினாலோ சீழ் கட்டினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.