விரிதிருகா, தேய்வீட்டியா? டிரம் பிரேக்கில் ஒரு பாகத்துக்குப் பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

துருவேறிய பழைய வண்டியின் பின்சக்கர டிரம் பிரேக்கைப் பிரித்துப் புதிய பாகங்கள் மாட்டுவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். டிரம் (சக்கரத்தோடு சுழலும் கிண்ணம்), ஷூ (உள்ளிருந்து விரிந்து டிரம்மை அழுத்துவது), லைனிங் (ஷூவின் மேல் தேயும் பட்டை), வீல் சிலிண்டர் (ஷூவைத் தள்ளுவது) ஆகிய சொற்களை அப்படியே விட்டுவிட்டேன். அவை எல்லோர் வாயிலும் புழங்குகின்றன. சிக்கல் ஒரு சிறு பாகத்தில். இரண்டு ஷூக்களுக்கும் நடுவே குறுக்காகக் கிடக்கும் குட்டைத் திருகு, அதன் மேல் ஒரு பல்சக்கரம். லைனிங் தேயத் தேய இது சிறிது சிறிதாக நீண்டு, ஷூவை டிரம்முக்கு அருகிலேயே வைத்திருக்கும்.

பழைய வண்டியில் வேலையே இதில்தான் தொடங்குகிறது. டிரம்மின் உள்விளிம்பில் ஷூ படாத இடம் தேயாமல், துருவும் சேர்ந்து, வயல் வரப்பு போல நின்றுவிடும். ஷூவோ தேய்ந்த பள்ளத்துக்குள் விரிந்து உட்கார்ந்திருக்கும். டிரம்மை இழுத்தால் ஷூ வரப்பில் மாட்டிக்கொள்ளும். திருகைச் சுருக்காமல் சுத்தியலை ஓங்குவது வீண்.

முதலில் 'தன்னியக்க இடைவெளிச் சரிசெய்வான்' என்று எழுதினேன். படித்தால் எனக்கே மூச்சு வாங்கியது. இப்போது 'தேய்வீட்டி' என்று மாற்றியிருக்கிறேன். தேய்வுக்கு ஈடு செய்வது. சரியா?

—

> தேய்வுக்கு ஈடு செய்வது

பொருளில் குறையில்லை, ஐயா. காதில் விழுவதுதான் வேறு. 'இழப்பீடு' என்னும்போது ஈடு தெரிகிறது. 'தேய்வீட்டி' என்றால் ஈட்டிதான் தெரிகிறது. 'தேய்வீட்டுத் திருகு' என்று நீட்டினால் இன்னும் மோசம்: எந்த வீடு தேய்ந்தது என்று கேட்பார்கள். ஷூவை டிரம்மோடு நெருக்குவதால் 'நெருக்கி' என்று வைத்தால் என்ன? நான்கே எழுத்து.

—

இருவருக்கும் வணக்கம். கையில் கிரீஸோடு இருப்பவரிடம் சொல்லிப் பார்த்தால்தான் கலைச்சொல்லின் தரம் தெரியும் என்பது என் கட்சி. கையேட்டில் வரப்போகும் வாக்கியம் இது (பின்தட்டு என்பது ஷூக்கள் பொருந்தியிருக்கும் தட்டு; நெம்புத்தகடு என்பது பல்சக்கரத்தைத் தள்ளித் திருப்பும் தகடு):

"பின்தட்டில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு நெம்புத்தகட்டை விலக்கிப் பிடித்துக்கொண்டு, திருப்புளியால் ______ஐப் பல் பல்லாகச் சுருக்கவும்."

'நெருக்கியைச் சுருக்கவும்' என்றால் நெருக்குவதா, தளர்த்துவதா என்று ஒரு கணம் தடுமாறும். பழைய வண்டிக்காரருக்கு முதலில் வேண்டியது தளர்த்துவதுதான். 'தேய்வீட்டி' அது ஏன் இருக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, எந்தப் பக்கம் நகரும் என்று சொல்வதில்லை.

என் பரிந்துரை: விரிதிருகு. விரிந்த, விரிகின்ற, விரியும் திருகு. மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. பல மாதிரிகளில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசையில் வெட்டியிருப்பார்கள். மாற்றி மாட்டினால், நெம்புத்தகடு தள்ளும் ஒவ்வொரு முறையும் திருகு விரிவதற்குப் பதிலாகச் சுருங்கும்; மிதி நாளுக்கு நாள் ஆழமாக இறங்கும். 'விரிதிருகு விரிகிறதா என்று பார்த்து மாட்டவும்' என்று எழுதிவிட்டால் தனி விளக்கம் தேவையில்லை. (ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். எந்தச் சுருள்வில் எங்கே மாட்டியது என்பதற்கு மறுபக்கமே படம்.)

—

> விரிந்த, விரிகின்ற, விரியும் திருகு

அம்மா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஒரு குறுக்குக் கேள்வி. துரு முற்றிய வண்டியில் இந்தத் திருகு இறுகிப்போய், விரியவும் விரியாது, சுருங்கவும் சுருங்காது. பின்தட்டின் பின்புறம் தெரியும் ஆணித் தலைகளை வெட்டி, டிரம்மை ஷூவோடு சேர்த்தே பிடுங்க வேண்டியிருக்கும். அப்போதும் அது விரிதிருகுதானா?

—

ஊறி முடித்த பிறகும் ஊறுகாய் ஊறுகாய்தானே, ஐயா.

இன்னொன்று: எல்லா வண்டியிலும் இது திருகு அல்ல. சிலவற்றில் ஓர் ஆப்பு கீழிறங்கி இடைவெளியை அடைக்கும். அதை 'ஆப்பு' என்றே சொல்லிவிடலாம், தமிழில் அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

—

ஒப்புக்கொள்கிறேன். விரிதிருகு. கையேட்டில் 14 இடங்களில் மாற்றிவிட்டேன். மெய்ப்புப் பார்ப்பவர்கள் 'விரித்திருகு' என்று திருத்தி அனுப்ப வேண்டாம். வினைத்தொகையில் ஒற்று மிகாது.

அடுத்தது, வீல் சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் சிறு திருகு. ஆங்கிலத்தில் 'bleeder screw' என்பதால் யாரோ 'குருதிவடித் திருகு' என்று கலைச்சொல் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பிரேக்குக்கு ஏது குருதி? பட்டறையில் 'ஏர் எடுப்பது' என்கிறார்கள், எனவே 'காற்றெடுப்புத் திருகு' என்று தொடங்கி வைக்கிறேன். துருவேறிய வண்டியில் இது பெரும்பாலும் தலை முறிந்து கையோடு வந்துவிடும். பெயராவது முறியாததாக இருக்கட்டும்.